இடப்பக்கத்து வெளிச்சம்

அவருக்குத் தொழில் பல்செட்டு செய்வது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்துப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாக அடுக்கி, அரைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், வீட்டில் சண்டை போடுகிறார்கள். அவர்களில் ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவர் சிரித்தால் இவர் கண் நேராகப் பல்லுக்குத்தான் போகும். நம் கைவேலையாக இருக்குமோ என்று உற்றுப் பார்ப்பார். அந்த மனிதர் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று நினைத்துச் சிரிப்பை மூடிக்கொள்வார்.

கீழே பட்டறை, மேலே அவர் குடியிருக்கும் அறை. பெட்டி கொண்டுவருகிறவர் மணியை அழுத்திவிட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அரைக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் பகல் ஓடிவிடும். சாயங்காலம் கடைக்குப் போய் "பால் ஒண்ணு" என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும். அப்போதுதான் அன்றைக்கு அவர் வாயைத் திறக்கிறார் என்பது அவருக்கே உறைக்கும்.

கல்யாணத்துக்கு இரண்டு இடம் கூடி வந்து இரண்டும் கைநழுவிப் போயின. அதற்குப் பிறகு வெளியூரில் இருந்த அவருடைய அக்கா, பாவம், கொஞ்ச காலம் போராடிப் பார்த்துவிட்டுத் தம்பியைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள். அவர் போய் விழுந்ததும் தண்ணீரில்தான்.

அது நடந்த விதம் வேடிக்கை. அக்கா குடும்பத்தோடு அவரும் கடற்கரைக்குப் போயிருந்தார். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பார்க்க மாமா முந்தின நாளே வீராவேசமாகப் பெயர் கொடுத்துவிட்டார். மறுநாள் ரப்பர் உடுப்பைப் பாதி போட்டவர், கடலைப் பார்த்துவிட்டுக் கழற்றத் தொடங்கினார். "தம்பி, நீ போயிட்டு வாயேன். எனக்கு என்னமோ முட்டி வலிக்குது" என்று மைத்துனர் தலையில் கட்டிவிட்டார்.

கீழே ஒரு பாறைப் பொந்தில் விலாங்கு மாதிரி தடித்த மீன் ஒன்று வாயை ஆவென்று பிளந்து வைத்திருந்தது. அதன் வாய்க்குள் ஒரு சின்ன இறால் போய், பல் பல்லாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. சிரித்ததில் கடல் நீர் வாய்க்குள் போய், புரை ஏறி, கூட வந்த டைவிங் மாஸ்டர் பயந்து அவரை மேலே இழுத்து வந்தார். படகில் ஏறி இருமி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "இதை போட்டோ எடுக்க முடியுமா?"

முறையாகக் கற்றுக்கொண்டார். தண்ணீர் புகாத கூட்டோடு ஒரு கேமரா வாங்கினார். பட்டறையில் தானாகக் கைவந்த பொறுமை கடலுக்கு அடியிலும் கைகொடுத்தது. கூட்டின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் கடல் உள்ளே வந்து கேமராவின் கதை முடிந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வளையத்தை விளக்குக்கு நேரே பிடித்துத் துடைப்பதுதான் வாரத்தில் அவருக்குப் பிடித்த நேரம். ஞாயிறானால் கடல். எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவார். அக்கா ஒரு கைகூப்பு போடுவாள். மாமா மட்டும் மறக்காமல் கேட்பார்: "இது சாப்பிடுற மீனா?"

கடலுக்கு அடியில் அவருக்குப் பிடித்தது மீன் மட்டுமல்ல. அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லார் வாயிலும் குழாய் இருக்கிறது. மேலே பேச ஆளில்லாமல் இருப்பது வேறு, கீழே எல்லாருமே பேசாமல் இருப்பது வேறு என்று அவருக்குத் தோன்றும்.

ஆனால் கடலுக்குள் இறங்குவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் மூச்சுக்கு இன்னொருவர் பொறுப்பு. படகில் ஏறியதும் மாஸ்டர் ஜோடி பிரிப்பார். புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி, நண்பர்கள் ஒரு ஜோடி என்று எல்லாம் முடிந்த பிறகு, மிஞ்சியவர் யாரோ அவர் இவரிடம் வந்து சேருவார். படகில் இவருக்குப் 'பல்லு சார்' என்று பெயர். "இன்னைக்குப் பல்லு சார்கூட யாரு?" என்று மாஸ்டர் கேட்டால் அவனவன் காலில் மாட்டும் துடுப்பைச் சரிசெய்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொள்வான். அதில் தப்பும் இல்லை. சுற்றிப் பார்க்க வந்தவனுக்குக் கடல் முழுக்கக் கிடக்கும்போது, ஒரு சாண் பாறைக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் கிடக்கிற ஆளோடு எவன் காவல் கிடப்பான்? ஒரு ஆடிட்டர் அலுத்துப்போய்ப் பாதியில் இவரை விட்டுவிட்டு ஆமை ஒன்றின் பின்னால் போய்விட்டார். மேலே வந்து மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இவரும்தான்.

அப்படி மிஞ்சியவராகத்தான் ஒரு நாள் அந்த அம்மா வந்து சேர்ந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஐம்பதைத் தொட்டிருக்கும். கிழிந்த ரப்பர் உடுப்புகளைப் படகுக்காரர்களுக்குத் தைத்துக் கொடுப்பதால் 'தையலக்கா' என்று கூப்பிடுவார்கள். இவர் 'மேடம்' என்றார். அவர் 'சார்' என்றார். முதல் நாள் பேச்சு அத்தோடு சரி.

கீழே போனதும் இவர் வழக்கம்போல ஒரு பாறையோடு ஒட்டிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, போயிருப்பார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா ஒரு கை தூரத்தில் சம்மணம் போட்டது மாதிரி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார். அலுப்பே இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். எல்லாம் சரி என்பதற்கு அடையாளம் அது. இவரும் வட்டம் காட்டிவிட்டு மீன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் கேட்பதற்கு முன்னாலேயே அந்த அம்மா, "நான் சார்கூடவே போறேன்" என்றார்.

அதிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் அவர்கள்தான் ஜோடி. ஒரு நாள் கேமராவின் இடது பக்க விளக்கு பாறையில் இடித்து உடைந்துவிட்டது. மீனின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக அவர் தவித்தபோது, அந்த அம்மா பேசாமல் தன் டார்ச்சை இடது பக்கத்திலிருந்து நீட்டினார். படம் பிரமாதமாக வந்தது. அதற்குப் பிறகு உடைந்த விளக்கை மாற்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், எப்போது தாழ்த்த வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்துபோயிற்று. இவர் தலையை லேசாகச் சாய்த்தால் வெளிச்சமும் சாயும்.

மேலே வந்தால் இருவரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்த அம்மா பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி ஒரு கப் நீட்டுவார். "தேங்க்ஸ் மேடம்" என்பார் இவர். படகு கரைக்குத் திரும்பும் வரை இவர் கேமராவின் சின்னத் திரையில் மூழ்கிக் கிடப்பார். "நல்லா வந்துருக்கா சார்?" என்று கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டுவார். இப்படி ஒரு ஆள் கிடைத்ததைப் பற்றி அக்காவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

அந்த வருடம் அவர் ஒரு சின்ன மீனின் பின்னால் பைத்தியமாகத் திரிந்தார். விரல் நீளம்தான் இருக்கும், கண் மட்டும் பெரிது. பெண் முட்டையிட்டதும் ஆண் மீன் அத்தனையையும் வாய்க்குள் வாங்கி அடைகாக்கும். குஞ்சு பொரிக்கும் வரை சோறு தண்ணி கிடையாது. வாயில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதைத் தின்பது? மாஸ்டர் அதற்கு 'அப்பா மீன்' என்று பெயர் வைத்திருந்தார். அவ்வப்போது அது வாயை விரியத் திறந்து, முட்டை உருண்டையை வெளியே தள்ளி, புதுத் தண்ணீர் பட ஒரு புரட்டுப் புரட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பொரிக்கப் போகிற சமயத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் தெரியும். அந்தக் கண்களோடு, அந்த வாய் திறந்த கணத்தை எடுக்க வேண்டும். இதுதான் அவர் ஆசை.

பல ஞாயிறு வீணாகப் போயிற்று. ஒரு தடவை முட்டை இளசாக இருந்தது. ஒரு தடவை கடல் கலங்கிக் கிடந்தது. ஒரு தடவை எல்லாம் கூடி வந்த நேரத்தில், யாரோ ஒரு புதுமணத் தம்பதி கைகோத்துக்கொண்டு குறுக்கே நீந்திப் போனார்கள். அன்றைக்கு அந்த அம்மா தண்ணீருக்குள்ளேயே தலையில் கைவைத்துக் காட்டினார்.

கடைசியில் ஒரு ஞாயிறு அந்த மீன் வாய் நிறைய வெள்ளிக் கண்களோடு ஒரு பவளத் தட்டின் கீழே நின்றுகொண்டிருந்தது. கடல் கண்ணாடி மாதிரி தெளிவு. இவர் மணலில் முழங்கையை ஊன்றிக் கண்ணைக் கேமராவில் வைத்தார். இடமிருந்து வெளிச்சம் வந்து விழுந்தது. மீன் வாயை அசைத்தது, திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிடந்தார். தோளில் ஒரு தட்டு விழுந்தது. கண்ணை எடுக்காமல் வட்டம் காட்டினார். இன்னொரு தட்டு. அதற்கும் வட்டம். அந்த நேரம் பார்த்து மீன் வாயைத் திறந்தது. முட்டைகள் பிதுங்கின. நூறு கண்கள் அவரைப் பார்த்தன. பொத்தானை அழுத்தினார்.

சந்தோஷத்தில் ஆழ்ந்து மூச்சை இழுத்தார். பாதிதான் வந்தது. அடுத்த மூச்சு வரவே இல்லை.

காற்று மீட்டரைப் பார்க்காமலே கிடந்திருக்கிறார். முள் சிவப்பைத் தாண்டி அடியில் படுத்திருந்தது. தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர். காற்றில்லை என்று கழுத்தின் குறுக்கே கையை வெட்டிக் காட்டக் கை எழும்புவதற்குள் ஒரு குழாய் அவர் வாயருகே வந்துவிட்டது. அந்த அம்மா தன் சிலிண்டரின் மாற்றுக் குழாயை அவர் வாயில் திணித்து, அவர் முன்கையை இரும்பு மாதிரி பிடித்துக்கொண்டார். இவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே இருவரும் ஒரே காற்றில் மெல்ல மேலே ஏறினார்கள். மேலே போவதற்கு முன் ஐந்து மீட்டர் ஆழத்தில் சற்று நேரம் நின்றுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்கு ஆகாது. அங்கே நின்றார்கள், கைகளைக் கோத்தபடி, முகத்துக்கு முகம். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்ணை இவர் அன்றுதான் சரியாகப் பார்த்தார். ஒரு கண்ணில் கருமணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி இருந்தது. அவர் மூச்சு விட்டால் இவரும் விட்டார். அந்தப் பிடி எவ்வளவு நேரம் நீடித்தாலும் சரி என்று இவருக்கு இருந்தது. மனிதர் கை தன் மேல் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தார், கணக்குக்கு வரவில்லை.

படகில் ஏறியதும் அந்த அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "என்ன சார் நெனச்சுட்டு இருக்கீங்க? ரெண்டு தடவை தட்டறேன், ஓகே ஓகேன்னு கையைக் காட்டறீங்க! செத்துட்டும் ஓகே காட்டுவீங்களா?"

"சாரி மேடம். வாயைத் தொறந்துருச்சு."

"எது?"

"மீனு."

அவருக்குக் கோபத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. "காட்டுங்க, அதையாவது பாக்கறேன்" என்று திரையை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எப்பா... எல்லாம் நம்மளையே பாக்குது."

கரைக்கு வந்து, நல்ல தண்ணீர்த் தொட்டியில் உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா சொன்னார். "சார், அடுத்த வாரத்துலேருந்து நான் வரமாட்டேன். பொண்ணுகிட்டப் போறேன். அவளுக்குக் குழந்தை பொறந்துருக்கு. அங்கயே இருந்துடச் சொல்றா. நானும் வேலையை விட்டுட்டேன்."

இவர் கையில் பிழிந்துகொண்டிருந்த உடுப்பு அப்படியே நின்றது. "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்காளே."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே சார்." குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார்.

அன்றைக்கு அந்தத் தொட்டிக்கரையில் உட்கார்ந்துதான் இருவரும் முதன்முதலாகப் பேசினார்கள். பெண்ணுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். ஆலையில் நாள் முழுக்க 'மேடம் நூல் அறுந்துருச்சு', 'மேடம் ஊசி உடைஞ்சுருச்சு', 'மேடம் லீவு வேணும்' என்று ஆயிரம் பேர் கூப்பிடுவார்களாம். வீட்டுக்குப் போனால் அங்கேயும் போனில் பெண்ணின் கூப்பாடு. "அதனாலதான் சார் கடலுக்கு வந்தேன். அங்க மட்டும்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. உங்ககூடச் சேர்ந்ததும் அதுக்குத்தான். நீங்க ஒரு வார்த்தை கூப்பிட மாட்டீங்க."

தன்னை யாருமே கூப்பிடுவதில்லை என்பதால்தான் தான் கடலுக்கு வந்தது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா ஈரப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. குழந்தையின் படத்தை அனுப்பியிருந்தார். கீழே, "சார், நான் கடலுக்குள்ள போவேன்னு சொன்னா மாப்பிள்ளை நம்பவே மாட்டேங்கறார். நீங்க எடுத்ததுல என் போட்டோ ஒண்ணு அனுப்புங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி காட்டறேன்" என்று எழுதியிருந்தார்.

இவர் பட்டறையை மூடிவிட்டு மாடிக்கு ஏறினார். கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஒரு வருடப் படங்களை வரிசையாகத் தள்ளத் தொடங்கினார். நண்டு, நத்தை, கடல் குதிரை, அப்பா மீன். ஆயிரக்கணக்கில் இருந்தன. நகம் அளவே உள்ள இறாலின் மீசை முடியைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். அந்த அம்மா இல்லை. ஒரு படத்தில் ஓரமாக ஒரு கையுறையின் விரல் நுனி இருந்தது. இன்னொன்றில், மங்கலாக, மஞ்சள் துடுப்பின் முனை. மற்றபடி இடது பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் மட்டும், படத்துக்குப் படம், மீனின் கன்னத்தில், நத்தையின் முதுகில், பவளத்தின் மடிப்பில். ஒரே ஒரு தடவை கேமராவை அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். அவருக்குத் தோன்றவே இல்லை. திரை தானாக அணைந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனார். வேலை நாளில் அவரைப் பார்த்து மாஸ்டருக்கு ஆச்சரியம். விஷயத்தைச் சொன்னதும், "தையலக்கா போட்டோவா? உங்ககிட்ட இல்லாததா எங்ககிட்ட இருக்கப்போகுது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இவருக்குச் சுருக்கென்று தைத்தது. காற்று நிரப்புகிற அறையில் இருந்தவர், படகு ஓட்டுகிறவர் என்று ஒருவர் விடாமல் கேட்டார். போனைத் துழாவிப் பார்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். வாரம் முழுக்க அங்கே வந்துபோனவர்களுக்கெல்லாம் மாஸ்டர் மூலமாகச் செய்தி அனுப்பவைத்தார். பேச்சே வராத மனிதர் ஊரையே கூட்டிவிட்டார் என்று படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் குறுக்கே நீந்திப் படத்தைக் கெடுத்த அந்தப் புதுமணத் தம்பதியிடமிருந்துதான் வந்தது. பெண் எடுத்த படமாம். தண்ணீருக்கு அடியில், நீலத்தில், அந்த அம்மா தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டிருக்கிறார். மறு கையில் டார்ச். கண்ணாடிக்குள் கண் இடுங்கியிருப்பதைப் பார்த்தால் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு பாறைக்குள் தலையைவிட்டுக் கிடக்கிறான். அந்த முதுகைத் தன்னுடையது என்று அடையாளம் காண அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதை அனுப்பினார். "இது நான் எடுத்ததில்லை. நான் ஒண்ணுகூட எடுக்கலை. மன்னிச்சுக்குங்க" என்று எழுதினார். சாயங்காலம் பதில் வந்தது. "மாப்பிள்ளை வாயடைச்சுப் போயிட்டார். பக்கத்துல யாருன்னு கேட்டாங்க. எங்க சார்னு சொன்னேன்."

அந்த ஞாயிறு அக்கா போன் செய்தபோது இவர் எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும், "ஒரு வருஷமாடா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் வந்து பேசியிருப்பேனே."

"என்னக்கா பேசியிருப்ப?"

அக்கா, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

உடைந்த விளக்கை அவர் மாற்றிவிட்டார். மாஸ்டர் இப்போதும் மிஞ்சியவரைத்தான் அவரிடம் சேர்த்துவிடுகிறார். கீழே போனதும் பாறைக்குப் போவதற்கு முன் அந்த ஆளை ஒரு படம் எடுக்கிறார். மேலே வந்ததும் நம்பர் கேட்டு வாங்கி அனுப்புகிறார். சிலர் ஒரு நன்றி போடுவார்கள், பலர் அதுவும் போடுவதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று படகில் கேட்கவும் பழகிக்கொண்டார். போன வாரம் ஜோடியாக வந்த வாலிபனிடம் அப்படிக் கேட்டதற்கு, அவன் காதிலிருந்து பாட்டுக் கேட்கும் ஒயரைக் கழற்றி, "என்ன சார்?" என்றான். "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவர் துடுப்பை மாட்டிக்கொண்டார்.